முதற்படம் எது? சிறுவர் கதையொழுங்குப் பயிற்சி பற்றி ஒரு விமரிசனம்

ஆரம்ப வகுப்புகளில் மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் யாவரும் நன்கறிந்த பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கதையைச் சித்திரிக்கும் நான்கு படங்கள் தாளில் முறைமாறிக் கிடக்கும். பிள்ளை அவற்றை வெட்டியெடுத்து, இலக்கமிட்ட நான்கு பெட்டிகளில் உரிய ஒழுங்கில் ஒட்டவேண்டும். அதன்பின் 'முதலில்', 'அடுத்து', 'பின்னர்', 'இறுதியில்' என்னும் சொற்களைக் கொண்டு நான்கு வாக்கியங்கள் எழுதவேண்டும். மேல்வகுப்புக்குப் போகப் போகப் படங்கள் மறைந்து, முறைமாறிய வாக்கியங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பயிற்சி மாறுவதில்லை. பார்வைக்குக் குற்றமற்றதாய், பிள்ளைகளுக்கு விருப்பமானதாய், திருத்துவதற்கும் இலகுவானதாய் இருக்கும் இதனைக் குறைகூறுவார் இலர். நானும் பல ஆண்டுகள் இதனை மனநிறைவோடு செய்வித்தவனே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டாந் தர வகுப்பொன்றில் காகமும் நரியும் கதையின் நான்கு படங்களைக் கொடுத்தேன். முதற்படத்தில் பாட்டி வடை சுடுகிறாள். இரண்டாவதில் காகம் வடையைக் கௌவிக்கொண்டு மரக்கொப்பில் இருக்கிறது. மூன்றாவதில் நரி கீழே நின்று அதனைப் பாடும்படி கேட்கிறது. நான்காவதில் நரி வடையைத் தின்கிறது. வகுப்பில் ஒரு சிறுமி மட்டும் பாட்டியின் படத்தை நான்காவது பெட்டியில் ஒட்டியிருந்தாள். வழக்கம்போலச் சிவப்புப் பேனாவாற் பிழையிட்டேன். இடைவேளை மணி அடித்தபின் அவள் என் மேசையருகே வந்து நின்றாள். "சேர், வடை குறைஞ்சு போச்சுத்தானே. ஆச்சி திரும்பச் சுடத்தானே வேணும்" என்றாள். அவளுடைய அம்மம்மா பஸ் நிலையத்தில் வடை விற்பவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பிழையிட்டிருந்தேன்.

அச்சிறுமி ஒழுங்கறியாதவள் அல்லள். ஒரு வடை களவு போனால் அதற்கு ஈடாக இன்னொரு வடை சுடப்படவேண்டும் என்பதும், அதனைச் சுடப்போவது காகமோ நரியோ அல்ல என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன. மாறாக, 'சரி' பெற்ற ஏனைய பிள்ளைகள் எதனை ஒழுங்குபடுத்தினர்? அவர்கள் மடியிலிருந்து பலமுறை கேட்ட கதையை நினைவிலிருந்து எடுத்துப் பெட்டிகளில் வைத்தனர், அவ்வளவே. சிந்தித்த பிள்ளை பிழையும், நினைவுகூர்ந்த பிள்ளைகள் சரியும் பெறுகின்ற பயிற்சியில் எங்கோ கோளாறு இருக்கவேண்டும் அல்லவா?

இப்பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதை நோக்கினால் இக்கோளாறு ஓரளவு விளங்கும். கற்பிப்பதற்காக அன்றி, அளப்பதற்காகவே படவொழுங்கு பெரிதும் வளர்க்கப்பட்டது. பெல்ஜிய நாட்டுக் கல்வியாளர் டெக்ரொலி 1914ஆம் ஆண்டளவிற் பிள்ளைகளின் அறிவை ஆராய்வதற்குத் தொடர்படங்களைப் பயன்படுத்தினார். முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் தன் படைவீரரின் புத்திக்கூர்மையை அளக்க அமைத்த சோதனைகளிலும் இது இடம்பெற்றது. டேவிட் வெக்ஸ்லர் 1939ஆம் ஆண்டு வளர்ந்தோருக்கும், 1949ஆம் ஆண்டு சிறுவருக்கும் வெளியிட்ட புகழ்பெற்ற அறிவுச் சோதனைகளில் 'படவொழுங்கு' ஓர் உறுப்பாக அமைந்தது. விரைவாக முடிப்போருக்கு மேலதிகப் புள்ளிகளும் உண்டு! பின்னர் சிறுவர் சோதனையின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தும், வளர்ந்தோர் சோதனையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தும் இவ்வுறுப்பு நீக்கப்பட்டுவிட்டது. அளந்தவர்கள் கைவிட்ட கோலை நாம் இன்னும் பற்றிக்கொண்டு நிற்கிறோம். சோதனைக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் புள்ளியிட முடியாது. கற்பித்தலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் சோதனையின் வடிவத்தோடு அதன் கட்டாயத்தையும் சேர்த்தே வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

குழந்தை இயல்பாகவே ஒழுங்கற்றது, ஆகவே ஒழுங்கை வெளியிலிருந்து புகட்டவேண்டும் என்ற நம்பிக்கை இதன் பின்னணியில் உள்ளது. இந்நம்பிக்கைக்குப் பலரும் பியாஜேயைச் சாட்சிக்கு அழைப்பர். 1923ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், ஜெனீவாப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நயோபி என்பவளின் கதையைச் சொல்லி, அதனை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லச் செய்த ஆய்வை அவர் விவரித்துள்ளார். ஆறு, ஏழு வயதினர் நிகழ்ச்சிகளை முன்பின்னாக அடுக்கினர் என்றும், காரணத்தைப் புலப்படுத்தாமல் 'பிறகு, பிறகு' என்று கோத்துச் சென்றனர் என்றும் அவர் கண்டார். அவர் கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கதை எத்தகையது? பல பிள்ளைகளைப் பெற்ற ஒருத்தி, ஒரே பிள்ளையைப் பெற்ற தேவதையைப் பார்த்துச் சிரிக்கிறாள். தேவதை அவளைப் பாறையிற் கட்டுகிறது. அழுதழுது அவளே பாறையாகிறாள். அழுகை ஏன் கல்லாக வேண்டும்? ஜெனீவாச் சிறுவனுக்கு மட்டுமன்றி, எனக்கும் அது விளங்குவதில்லை. காரணம் விளங்காத கதையில் ஒழுங்கு நழுவுவது வியப்பன்று.

பிற்கால ஆய்வொன்று இதற்கு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. 1989ஆம் ஆண்டு பற்றீசியா பௌவரும் ஜீன் மாண்ட்லரும் வெளியிட்ட ஆய்வு, பதினாறு மாதமும் இருபது மாதமும் நிரம்பிய குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டது. கதையும் இல்லை, படமும் இல்லை. ஒரு கிண்ணத்திற் பந்தை இட்டு, இன்னொரு கிண்ணத்தால் மூடி, குலுக்கிக் காட்டினர். பந்தை இடாமற் குலுக்கினால் ஓசை எழாது. ஒரு செயல் மற்றொன்றுக்கு வழிவிடுகின்றது. இத்தகைய தொடர்களை, பேச்சே சரியாக வராத அக்குழந்தைகள் உரிய ஒழுங்கிற் செய்துகாட்டின. ஒன்றோடொன்று தொடர்பில்லாத செயல்களின் ஒழுங்கோ அவர்களுக்கு அவ்வளவு எளிதாக நினைவில் நிற்கவில்லை. தொடர்பற்ற ஒரு செயலை இடையே புகுத்தியபோது குழந்தைகள் அதனையே இடம்மாற்றின, அல்லது விட்டுவிட்டன. ஒழுங்கு காரணத்தைப் பற்றிக்கொண்டு வருகின்றது என்பதே இதன் பொருள். காரணத்தை ஒதுக்கிவிட்டு ஒழுங்கை மட்டும் கற்பிக்க முயல்பவர், பந்தில்லாத கிண்ணத்தைக் குலுக்குபவர் ஆவார்.

இவ்வுண்மையைக் காண நாம் ஆய்வுகூடம்வரை போகவேண்டியதும் இல்லை. தமிழ்ப் பிள்ளையின் வாயைக் கவனித்தாலே போதும். 'எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்சு, பள்ளிக்கூடம் வந்தனான்' என்று சொல்லும் பிள்ளை, 'முதலில்' என்றோ 'அடுத்து' என்றோ ஒருபோதும் சொல்வதில்லை. வினையெச்சமே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. வினையெச்சம் காலத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பது இலக்கண வகுப்பில் நாம் எல்லோரும் கேட்ட உதாரணம். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். இங்கே பெய்தது மழை, விளைந்தது நெல், வினைமுதல் வேறுபடுகின்றது. ஆயினும் மழை நெல் விளைதற்குக் காரணமாதலின் வாக்கியம் செம்மையாக நிற்கின்றது. 'மணி அடித்து மழை பெய்தது' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாந் தரப் பிள்ளையும் சிரிக்கும். அடுத்தடுத்து நிகழ்ந்த எல்லாவற்றையும் தமிழ் இவ்வாறு கோத்துவிட அனுமதிப்பதில்லை. இத்தகைய நுட்பத்தைத் தாய்ப்பாலோடு பெற்றுவரும் பிள்ளையிடம், ஆங்கிலப் பயிற்சிநூல்களின் நான்கு சொற்களுக்கு நேரான நான்கு சொற்களைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒவ்வொன்றை வைத்து எழுதும்படி கேட்கிறோம். பிள்ளை தன்னிடம் இருந்த பாலத்தை உடைத்துவிட்டு நான்கு தனித் தூண்களை நாட்டுகிறது. அதனையே 'ஒழுங்காக எழுதியிருக்கிறாய்' என்று பாராட்டுகிறோம்!

நம்மிடையே வழங்கும் சிறுவர் கதைகளில், தன் பெயரை மறந்த ஈயின் கதையை இவ்விடத்து நினைவுகூர்வது பொருத்தமாகும். ஈ தன் பெயரைக் கேட்டுக்கொண்டு கன்றிடம் போகிறது. கன்றிலிருந்து தாய்ப்பசு, பசுவை மேய்க்கும் ஆயன், ஆயன் கைக்கோல், கோலைத் தந்த மரம், மரத்திலிருக்கும் கொக்கு, கொக்குக் குளிக்கும் குளம், குளத்து மீன், மீனைப் பிடிக்கும் வலைஞன், அவன் கைச்சட்டி, சட்டியை வனையும் குயவன், குயவன் கைமண், மண்ணில் முளைக்கும் புல், புல்லைத் தின்னும் குதிரை என்று போகிறது. குதிரை கனைக்கும்போது ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. இடத்துக்கிடம் சில கண்ணிகள் வேறுபடலாம். நான் கேட்ட வடிவிற் பதினான்கு கண்ணிகள் உள்ளன. நான்கு படங்களை ஒழுங்குபடுத்தத் திணறுகிறது என்று நாம் கருதும் ஐந்து வயதுப் பிள்ளை, இப்பதினான்கையும் ஒன்று தவறாமற் சொல்லும். ஓசை துணைசெய்கின்றது என்பது உண்மை. ஆனால் ஓசை மட்டும் போதாது. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு பிணைப்பது மேய்த்தல், பிடித்தல், வனைதல், விளைதல் முதலான தொழில். ஒரு கிராமத்தின் உற்பத்தி வாழ்வே அங்கு ஒழுங்காகி நிற்கின்றது. இக்கதையை இயற்றியவர் யாரென யாரும் அறியார். எழுத்தறியாத ஒரு கிழவியாகவும் இருக்கலாம். பயிற்சித்தாள் தயாரிக்கும் நம்மைவிட அவர் சிறந்த ஆசிரியர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி அந்த வடைக்கு வருவோம். காகத்தின் கதை ஈசாப்பின் பெயரால் உலகெங்கும் பரவியது. கிரேக்க உரைநடை வடிவத்திற் காகம் இறைச்சித் துண்டொன்றைப் பறித்துக்கொண்டு வருகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் இலத்தீனிற் பாடிய பீட்ரஸ், யன்னலிலிருந்து திருடிய பாற்கட்டி என்று கூறி நகர்ந்துவிடுகிறார். 1668ஆம் ஆண்டு லா ஃபொந்தேன் பிரெஞ்சில் எழுதியபோது அந்தச் சிறு குறிப்பும் போய்விட்டது. காகம் மரத்தில் இருக்கின்றது, அலகிற் பாற்கட்டி இருக்கின்றது. அது எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கே இடமில்லை. கதை அங்கே தொடங்குவதால், பாற்கட்டி காகத்தின் உடைமை ஆகிவிடுகின்றது; நரி ஏமாற்றுக்காரன், காகம் ஏமாளி, முகத்துதிக்கு மயங்காதே என்பது படிப்பினை. நமது வழக்கிலோ, அடுப்பின் முன் குந்தியிருக்கும் ஒரு மூதாட்டி கதையின் வாசலிலேயே வந்துவிடுகிறாள். உண்பொருளுக்கு ஓர் உற்பத்தியாளர் கிடைத்துவிடுகிறார். இது சிறிய மாற்றமன்று. முதற்படம் மாறியதும் காகம் உடைமைக்காரன் என்ற நிலையிலிருந்து கள்வன் என்ற நிலைக்கு இறங்குகின்றது. நரி கள்வனிடம் களவெடுத்த பெருங்கள்வன் ஆகின்றது. நட்டமடைந்தவள் பாட்டி ஒருத்தியே.

ஆனால் நாம் செய்ததென்ன? பாட்டியைக் கொண்டுவந்தோம், படிப்பினையை மட்டும் ஐரோப்பியக் கதையிலிருந்து அப்படியே வைத்துக்கொண்டோம். முதற்படத்தோடு பாட்டி மறைந்துவிடுகிறாள். 'இக்கதையிலிருந்து நீ அறிவது யாது?' என்னும் வினாவுக்குக் காகத்தின் பெருமையையும் நரியின் தந்திரத்தையும் பற்றி எழுதினாற் புள்ளி கிடைக்கும். பாட்டியைப் பற்றி எழுதினாற் கிடைக்காது. உழைத்தவளை முதற்பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடுவதையே பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். அவளை நான்காவது பெட்டிக்குத் திரும்பக் கொண்டுவந்த சிறுமிக்கு நான் பிழையிட்டேன்.

'ஒரு காகத்தின் கதைக்கு இவ்வளவு அரசியலா?' என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்களுக்கு எல்லோரும் அறிந்த ஒரு சரித்திர நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவேன். 1953ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 12ஆந் திகதி இலங்கையில் ஹர்த்தால் நடந்தது. அதனை நான்கு படங்களில் வரைவதாகக் கொள்வோம். கடைகள் அடைக்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, படையினர் சுட்டனர், அமைதி திரும்பியது. ஒழுங்கிற் பிழையேதும் இல்லை. எந்தப் பரீட்சகரும் சரியிடுவார். ஆனால் அவ்வாண்டு யூலை மாதத்தில் கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டதையும், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டதையும் முதற்படமாக வைத்துப் பாருங்கள். அதே நான்கு படங்கள் வேறு கதையைச் சொல்லும். இறுதியில் அமைதி திரும்பியதா, அல்லது ஒக்டோபர் மாதத்திற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தாரா என்பதும் படத்தை வெட்டியவரின் கையில் இருக்கின்றது. முதற்படத்தைத் தெரிந்தெடுப்பவனே கதையின் நியாயத்தையும் தெரிந்தெடுக்கிறான். கல்லெறியப்பட்ட நாளிலிருந்து வேலைநிறுத்தச் செய்தியைத் தொடங்கும் பத்திரிகை, ஒரு வரியேனும் பொய் எழுதவேண்டியதில்லை.

நமது பயிற்சியோ முதற்படத்தை எப்போதும் பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுகின்றது. எங்கே தொடங்குவது, எதனை விடுவது என்னும் கடினமான வேலை முழுவதையும் வேறொருவர் முடித்துவிட்டார். பிள்ளைக்கு எஞ்சியிருப்பது வெட்டுவதும் ஒட்டுவதும். இதனைப் பதினொரு ஆண்டுகள் பழகிய மாணவன், சரித்திர பாடத்தில் 'காரணங்களை விளக்குக' என்னும் வினாவுக்கு நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாக அடுக்கி எழுதிவிட்டு, விளக்கிவிட்டதாக நம்பினால் அவனை எப்படிக் குறைகூறுவது?

இங்கே நம்மவர் மீதும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முற்போக்குச் சிறுவர் இலக்கியம் என்ற பெயரில் நாம் எழுதியவற்றுட் பல, இவ்விடயத்தில் மேலானவை அல்ல. ஏழை வருந்துகிறான், முதலாளி சிரிக்கிறான், தொழிலாளர் ஒன்றுபடுகின்றனர், விடிகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு பிறந்தது என்று கேட்டால் கதையில் விடை இராது. நேற்றுவரை ஒன்றுபடாதவர்கள் இன்று ஏன் ஒன்றுபட்டனர்? கூலிச்சிட்டையில் என்ன கண்டனர்? யார் முதலிற் பேசினார்? பயந்தவர் யார்? விடியல் நான்காவது பெட்டியில் வரவேண்டும் என்பதற்காக வந்துவிடுகின்றது. இத்தகைய கதைகளை வாசித்த பிள்ளை, முழக்கத்தை நினைவில் வைத்திருக்கலாம். மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைக் கற்றிராது. பழைய கதைகளின் ஊழ்வினைக்குப் பதிலாக நாம் வேறொரு ஊழை வைத்திருக்கிறோம்.

சின்னஞ்சிறு பிள்ளைக்கு முதலில் ஒழுங்கு பழகட்டும், காரணமும் நியாயமும் பின்னர் வரட்டும் என்பது அனுபவமுள்ள ஆசிரியைகள் என்னிடம் கூறிய மறுப்பு. முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரு சிறிய அறையில் வைத்துக்கொண்டு கற்பிப்பவரின் சொல்லை இலேசாகத் தள்ளிவிடலாகாது. நான்கு படங்களை வேண்டாமென்று நான் கூறவும் இல்லை. அவற்றைக் கொண்டே வேறு கேள்விகள் கேட்கலாம் என்பதே என் வாதம். எந்தப் படத்தை இடம்மாற்றினாற் கதை கெட்டுவிடும்? எவற்றை மாற்றினாலும் பாதகமில்லை? பாட்டி எண்ணெய் ஊற்றுவதும் காகம் பறந்து வருவதும் எது முன், எது பின் என்றாலும் ஒன்றே. வடை சுடப்படுமுன் காகம் அதனைத் தூக்க முடியாது. இவ்வேறுபாட்டை ஆறு வயதுப் பிள்ளை கண்டுகொள்ளும். 'சோறு தின்ன முன்னம் கை கழுவு' என்று வீட்டிற் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, சொல்லின் ஒழுங்கும் செயலின் ஒழுங்கும் வேறுபடலாம் என்பதும் புதிதன்று. 'அதன்பின் என்ன?' என்று மூன்று முறை கேட்கும் இடத்தில் 'அதனால் என்ன?' என்று ஒருமுறை கேட்டாற்கூடப் பிள்ளைகளின் வாக்கியங்கள் நீள்வதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு அதே நான்கு படங்களை மற்றொரு வகுப்புக்குக் கொடுத்தபோது, ஒவ்வொருவருக்கும் வெறுமையான ஐந்தாவது அட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். விரும்பியதை அதில் வரையலாம், விரும்பிய இடத்தில் வைக்கலாம். சிலர் அதனைப் பூக்களால் நிரப்பினர். அதனையும் சொல்லத்தானே வேண்டும். ஒருத்தி, பாட்டி வடைத்தட்டைத் துணியால் மூடுவதாக வரைந்து கடைசியில் வைத்தாள். இருவர் பொலிசாரை வரவழைத்தனர்; அவர்கள் பிடித்தது காகத்தையா நரியையா என்பதில் அவர்களுக்குள்ளே சண்டை மூண்டது. நான் எதிர்பாராத அட்டை, பின்வரிசையில் இருந்த ஒரு பையனுடையது. அவனுடைய படத்திற் பாட்டி ஒரு கடையின் முன் நிற்கிறாள். கடைக்காரர் கையில் ஒரு கொப்பி. என்ன இது என்று கேட்டேன். "உளுந்து கடனுக்கு, சேர்" என்றான். தாளில் நான்கு பெட்டிகளே இருந்தன. அவனுடைய அட்டையை முதலாம் பெட்டிக்கு இடப்பக்கம், ஓரத்து வெள்ளையில் ஒட்டினோம். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.